கல்லுக்குக் கீழே கரி

நீங்கள் குடியிருக்கும் நகரத்தை உண்டாக்கியது யார்? யோசிக்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம். நகராட்சி வாசலில் பளிங்குக் கல்லில் செதுக்கியிருக்கும் பெயர்களைப் படித்துக் காட்ட வேண்டாம். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் நாடா வெட்டினார்கள். அதற்கான கத்தரிக்கோலைக்கூட வேறொருவர் தட்டில் வைத்து நீட்டினார். குழி வெட்டியது யார்?

இந்த நகரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. முதல் தெரு, ஏழாம் எண் வீட்டில் அந்தப் பதில் காலை ஐந்தரைக்கு எழுந்து, ஒரு டம்ளர் தேநீரைக் குடித்துவிட்டு, அண்டை வீட்டுக்காரரோடு குப்பைத்தொட்டி விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். வயது அறுபத்தொன்று. ஊர் வைத்த பெயர் குழியக்கா. கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம்போல வாங்கி வைத்துக்கொண்டார்.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இங்கே முள்காடுதான் இருந்தது. வீட்டு வசதி வாரியம் அதை நகரமாக்கப் போகிறது என்று ஒரு சர்வேயரை அனுப்பியது. கூடவே நிலம் அளக்க நூறடிச் சங்கிலி ஒன்று, ஆறு கூலியாட்கள். ஆறாவது ஆள் குழியக்கா. ஆண்களுக்குச் சங்கிலி பிடிக்கும் வேலை. நிழலில் நின்று எண் சொல்லும் வேலை. பெண்ணுக்குக் கடப்பாரை. கூலி ஆண்களுக்குக் கொடுத்ததில் பாதி. "சங்கிலி கனமா, கடப்பாரை கனமான்னு ஒருநாள் ரெண்டையும் தூக்கிப் பாருங்கய்யா" என்று அவர் கேட்டதற்கு சர்வேயர் சிரித்தாராம். கூலி மட்டும் ஏறவில்லை.

அந்த வேலையில் ஒரு முறை இருந்தது. பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய மனைகளின் மூலைகளில் மட்டும் எல்லைக்கல்லைச் சும்மா நட மாட்டார்கள். இரண்டரை அடிக்குக் குழி வெட்டி, அடியில் ஒரு கூடை அடுப்புக்கரியைக் கொட்டி மிதித்து, மண் போட்டு, அதன்மேல்தான் கல். வெட்டிப் போட்ட முள்ளை அங்கேயே எரித்துக் கரியாக்குவதும் குழியக்காவின் வேலை.

"எதுக்குய்யா கரி? கல்லுக்குக் குளிருமா?" என்று முதல் நாளே சர்வேயரிடம் கேட்டார்.

"கரி மக்காது, கறையான் அரிக்காது. நாளைக்கு யாராவது கல்லை நகர்த்தினா, கரி இருந்த இடத்திலேயே இருக்கும்."

"இத்தனை பெரிய கல்லை யாருய்யா நகர்த்துவா?"

"ஊர் வளரட்டும். கல்லுக்குக் கால் முளைக்கும், பாரு."

ஊர் வளர்ந்தது. முதலில் இருநூறு வீடுகள், ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றாம் ஆண்டு ரயில் நின்று போக ஆரம்பித்தது. நெடுஞ்சாலை ஓரம் பிஸ்கட் தொழிற்சாலை வந்தது. அதற்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். ஆளுக்குப் பின்னால் வாடகை வந்தது. ஒற்றை மாடி, இரட்டை மாடி, பிறகு மாடி எண்ணக் கழுத்து வலிக்கிற கட்டடங்கள். இன்றைக்கு எண்பதாயிரம் பேர். வெள்ளிவிழாவுக்கு நகராட்சி ஒரு மலர் வெளியிட்டது. நூற்றிருபது பக்கத்தில் தலைவர்களின் படம் நாற்பது பக்கம். சங்கிலிக்கும் கடப்பாரைக்கும் ஒரு வரி கிடையாது.

அந்த விழா மேடையில் ஒருவர், "இங்கே ஒரு காலத்தில் குருவி பாடும், காற்று வீசும்" என்று உருகினார். கூட்டத்திலிருந்து குழியக்காவின் குரல் வந்தது: "பாம்பும் ஊரும். அதையும் சொல்லுங்க. நான் கடப்பாரையோட நின்னேன், நீங்க எங்க நின்னீங்க?" அவருக்குப் பழைய காலத்தின்மேல் எந்த மயக்கமும் இல்லை. பண்ணைக்காரர் வாசலில் கைகட்டி நின்று வேலை கேட்ட நாட்களை அவர் மறக்கவில்லை. நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். நீ யார் வீட்டுப் பெண் என்று குழாய் கேட்காது. அதற்காகவே அவருக்கு இந்த நகரம் பிடிக்கும். பிடித்த இடத்தில்தான் கோபமும் அதிகம் வரும்.

கோபத்துக்குக் காரணம் ஒரு வெற்று மனை. முதல் தெருவின் கிழக்கே, கல்வெர்ட் பாலத்தை ஒட்டி இரண்டு ஏக்கர். உயர்நிலைப் பள்ளிக்கென்று வாரியம் ஒதுக்கியது. நான்கு மூலையிலும் குழியக்கா கையால் கரி போட்டது. ஊரில் இருக்கும் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க நெடுஞ்சாலையைக் கடந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். ஒரு வருடம் சாலையைக் கடந்த ஒரு பெண் குழந்தை லாரியில் அடிபட்டது. அந்த வருடம் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பதினாறு பெண்களில் குழியக்காவின் மகளும் ஒருத்தி. இன்று அவள் தையல் ஆலையில் காலர் தைக்கிறாள். அவளுடைய மகள் இப்போது எட்டாம் வகுப்பு.

முப்பது வருடமாக எழுதிப்போட்ட மனுக்களுக்கெல்லாம் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. குழந்தைகளாவது அங்கே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் அதுவும் நின்றது. மனைக்குக் கிழக்கே பழைய தொழிற்சாலை நிலத்தை வாங்கி எட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுப்பிய கட்டுமான நிறுவனத்தின் காவலாளி, அங்கே ஒரு பேய் நடமாடுகிறது என்று கதை கட்டிவிட்டார். படித்தவர்கள்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள். குழியக்கா ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு போய் மனை நடுவில் உட்கார்ந்தார்.

"பயமா இல்லையா?" என்று காவலாளி கேட்டார்.

"உங்க பேய் விவரமான பேய் தம்பி. பந்து விளையாடற பிள்ளையை விரட்டுது, மண்ணு கொட்டற லாரியை ஒண்ணும் பண்ண மாட்டேங்குது. நிறுவனத்துல சம்பளம் வாங்குதா?"

காவலாளி வேறு பக்கம் பார்த்தார். அதற்கு அடுத்த மாதம்தான் நகராட்சிச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பள்ளி மனையின் பரப்பு மறு அளவையில் அரை ஏக்கர்தான் என்று தெரியவந்ததாம். அரை ஏக்கரில் உயர்நிலைப் பள்ளி கட்ட விதி இடம் தராதாம். ஆகவே அதை வணிக உபயோகத்துக்கு மாற்றி நிறுவனத்திடம் ஒப்படைக்க உத்தேசமாம். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். இதன் நியாயத்தைக் கவனியுங்கள். முதலில் உன் சட்டையைக் கிழிப்பார்கள். பிறகு கிழிந்த சட்டை உனக்கு எதற்கு என்று பிடுங்கிக்கொள்வார்கள்.

மகள் படித்துக் காட்டி முடித்தாள். குழியக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே மனைக்குப் போனார். முந்நூற்று ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டிய கிழக்கு மூலைக்கல் இரண்டும் பாலத்துக்குப் பக்கத்தில், தொண்ணூறடி தூரத்தில் நின்றன. அதே கல், அதே வாரிய முத்திரை. கல்லைப் பிடித்து அசைத்தார். அசையவில்லை. காலால் மண்ணை விலக்கினார். கல்லைச் சுற்றி வழுவழுவென்று சிமெண்ட்.

அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார். வாரியம் ஒரு கல்லுக்கும் சிமெண்ட் போட்டதில்லை. வாரியத்துக்கு வந்த சிமெண்ட் எந்தெந்த வீடாக நிற்கிறது என்பது முதல் தெருவுக்கே தெரியும். திருடியவர்கள் வேலையை அளவுக்கு மீறிச் சுத்தமாகச் செய்திருந்தார்கள்.

சாயங்காலம் சாப்பிடும்போது இதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். அது தட்டிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு அந்த நிறுவனத்தில்தான் மேற்பார்வையாளர் வேலை.

"மாப்பிள்ளை?"

"சாப்பிடுங்க அத்தை, ஆறிடும்."

"ஆறினா சூடு பண்ணிக்கலாம். சிமெண்ட் யாரு போட்டது?"

மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்மா, சாப்பாட்டு நேரத்துல என்ன விசாரணை?"

"நான்தான் போட்டேன்" என்றார் மாப்பிள்ளை. தலை நிமிரவில்லை. "கல் ஆடுது, பலமா நட்டு விடுன்னு சொன்னாங்க. எங்க நடணும்னு சுண்ணாம்பு போட்டு வச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டா அன்னைக்கே வீட்டுக்குப் போகணும்."

"சொந்தப் பிள்ளை படிக்கப் போற பள்ளிக்கூடம்" என்றாள் மகள். குரல் அடங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும். இந்த வீட்டு வாடகையும் தெரியும்."

குழியக்கா தட்டை ஒதுக்கினார். "மாப்பிள்ளை, உங்க பேரை நான் எங்கயும் சொல்ல மாட்டேன். அது உங்க வாய், நீங்களே திறக்கணும். ஆனா குழியைத் தோண்டச் சொல்லுவேன். அது என் குழி."

மறுநாள் மகள் எழுத, ஆட்சேபணைக் கடிதம் தயாரானது. நகராட்சி எழுத்தர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியம்மா, ஆவணம் ஏதாச்சும் இருக்கா? பழைய வரைபடம்?"

"அது உங்ககிட்ட இருக்கணும்."

"ஆபீஸ் மாத்தினப்போ காணாம போச்சு."

"எல்லாம் போச்சா?"

"அந்த ஒரு கோப்பு மட்டும்."

"பாவம், தனியா எங்க போச்சோ! என் ஆவணம் மண்ணுக்குள்ள இருக்கு தம்பி. அது ஆபீஸ் மாறாது. தோண்ட உத்தரவு கொடுங்க."

எழுத்தர் சிரித்தார், பக்கத்து மேசையும் சிரித்தது. குழியக்கா வராந்தாவில் உட்கார்ந்தார். பத்தொன்பது நாள் உட்கார்ந்தார். காலை பத்துக்கு வருவார், ஐந்துக்குப் போவார். சிரித்தவர்களுக்கு நான்காம் நாளே அலுத்துவிட்டது. பத்தாம் நாள் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்தார். இருபதாம் நாள் காலையில் புதிதாக மாற்றலாகி வந்த நில அளவை அதிகாரி, முப்பது வயதுப் பெண், முக்காலியில் தடுக்கி விழப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? வழியில உட்கார்ந்திருக்கீங்க?"

"வழி கிடைக்கலைன்னுதான் உட்கார்ந்திருக்கேன்."

உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். கரி என்ற வார்த்தை வந்ததும் அதிகாரியின் பேனா நின்றது. அளவைக் கையேட்டில் அந்த விதி இருக்கிறது. பயிற்சியில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர் அவர். "படிச்சிருக்கேன். பார்த்ததில்லை" என்றார்.

"வாங்க, காட்டறேன்."

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. உத்தரவு மூன்றடி ஆழத்துக்கு. நிறுவனத்தின் மேலாளர் வந்திருந்தார். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால், வேலைக்கு வந்த கடமைக்கு, மாப்பிள்ளை. முதல் தெரு முழுக்க வேலியோரம். கோபுரக் குடியிருப்பின் பால்கனிகளிலும் தலைகள். அந்தப் பால்கனிக்காரர்களுக்கு வீடு விற்கும்போது "எதிரிலேயே உயர்நிலைப் பள்ளி" என்று வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தது இதே நிறுவனம்தான். அதையும் ஒருவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து மூன்றரைச் சங்கிலி என்றார் குழியக்கா. இரும்பு நாடாவை முந்நூற்று ஐம்பது அடிக்கு நீட்டினார்கள். ஆட்கள் தோண்டினார்கள். செங்கல் துண்டு, கிழிந்த சாக்கு, பிளாஸ்டிக் உறை. இரண்டடி. இரண்டரை. மூன்று. கரி இல்லை.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, கரியும் நடந்து போயிடுச்சா?"

வேலியோரமே சிரித்தது. வராந்தாவில் சிரித்தவர்களைத் தாங்கிக்கொண்ட குழியக்காவுக்கு இந்தச் சிரிப்பு உறைத்தது. இது சொந்தத் தெருவின் சிரிப்பு. அவர் குழிக்குள் இறங்கினார். கையால் மண்ணைக் கிளறினார். இடம் தப்பாது. பாலம் நகரவில்லை, சங்கிலிக் கணக்கு மறக்கவில்லை. விரலில் ஏதோ தட்டியது. எடுத்துத் துடைத்தார். பூப்போட்ட குளியலறை ஓடு ஒன்றின் உடைந்த மூலை.

"மேடம், முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி முள்காட்டுல யாரு குளியலறை கட்டினா?"

"குப்பை எங்க வேணா இருக்கும்" என்றார் மேலாளர். "உத்தரவு மூணடிக்கு. மூணடி ஆச்சு. குழியை மூடச் சொல்லுங்க மேடம்."

அதிகாரி தாளைப் பார்த்தார். உத்தரவு மூன்றடிதான். ஆட்கள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தார்கள்.

"இன்னும் ரெண்டடி தோண்டுங்க."

குரல் வெள்ளைச் சட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு முகம் வியர்த்திருந்தது. "இங்க ரெண்டடிக்கு மண்ணும் இடிசலும் கொட்டினது நான்தான். லாரி நம்பர்கூடச் சொல்றேன். நீங்க தோண்டினதெல்லாம் எங்க கட்டடத்துக் குப்பை மேடம், கல்லைப் பிடுங்கின பள்ளத்தையும் அதாலதான் மூடினோம். பழைய தரையே ரெண்டடி கீழ இருக்கு."

மேலாளர் மெதுவாகத் திரும்பினார். "நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"நாளைக்கு எதுக்கு சார், இப்பவே நிக்கறேன். அந்தக் கல்லுக்குச் சிமெண்ட் போட்டதும் நான்தான். அதையும் எழுதிக்குங்க மேடம்."

அதிகாரி எழுதினார். எழுதிய கையோடு, "தரைமட்டத்திலேர்ந்து மூணடி. தரையே ரெண்டடி ஏத்தியிருக்கு. தோண்டுங்க" என்றார்.

பழைய பள்ளத்தில் கிடந்த சாம்பல் நிற இடிசலும் தீர்ந்து செம்மண் வந்தது. அந்தச் செம்மண்ணில், நாலரை அடியில், வட்டமாக, மிதித்து இறுக்கிய கறுப்பு. குழியக்கா ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். அன்றைக்கு வைத்ததுபோலவே நொறுங்கியது.

மேலாளர் அவ்வளவு எளிதில் விடுகிறவர் அல்லர். "யாரோ அடுப்பு மூட்டின கரி."

"அப்போ அடுத்த மூலையையும் தோண்டுங்க. வடக்க இருநூத்தி நாப்பத்தொம்பது அடி."

தோண்டினார்கள். அங்கேயும் அதே ஆழம், அதே வட்டம், அதே கறுப்பு.

"அளந்து அளந்து அடுப்பு மூட்டறவ இந்த ஊர்ல நான் ஒருத்திதான் சார்" என்றார் குழியக்கா. இந்தத் தடவை வேலியோரச் சிரிப்பு இடம் மாறியது. பால்கனிகளிலிருந்தும் கேட்டது. பிறகு சிமெண்ட் போட்ட கல்லைப் பெயர்த்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். கல்லுக்குக் கீழே வெறும் மண்.

இதைப் படித்ததும் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள் என்று நிம்மதியாக மூச்சு விட்டுவிடாதீர்கள். அறிவிப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ரத்து செய்யவில்லை. அதிகாரியின் அறிக்கை மேலிடத்துக்குப் போயிருக்கிறது. நிறுவனம் ஒரு புதுத் திட்டத்தோடு வந்திருக்கிறது: இரண்டு ஏக்கரையும் தங்களிடம் கொடுத்தால் நெடுஞ்சாலைக்கு அப்பால் ஒரு மாற்று இடம் தருவார்களாம். பிள்ளைகள் சாலையைக் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்கிறார்கள்!

மாப்பிள்ளை இப்போது தனியாக ஓடு பதிக்கும் வேலைக்குப் போகிறார். மாமியாரிடம் அவருக்குக் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். "உங்க கரியால என் கை வெறுங்கை ஆச்சு அத்தை" என்கிறார். "வாயைத் திறந்தது நீங்க. என்மேல பழி போடாதீங்க" என்கிறார் குழியக்கா. சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி போடுகிறார். பேத்தி அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. அதற்குள் கட்டடம் வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளைத் தினமும் சாலை தாண்டி விட்டுவர மாப்பிள்ளை பழைய சைக்கிளுக்குப் புது டயர் வாங்கிப் போட்டிருக்கிறார். குழியக்காவோ அடுத்த விசாரணைக்கு ஆட்சேபணைக் கடிதம் சேர்க்கத் தெருத் தெருவாகப் போகிறார். முதல் தடவை இந்த எண்பதாயிரம் பேரில் கடிதம் கொடுத்தவர்கள் பதினொரு பேர். அந்தக் கணக்குதான் நிறுவனத்துக்குத் தைரியம். பேயைவிடப் பெரிய புரளி ஒன்று ஊரில் உண்டு: நாம் ஒருவர் எழுதி என்ன ஆகப்போகிறது என்பது. அதை யாரும் சம்பளம் கொடுத்துப் பரப்பவில்லை. நாமே இலவசமாகப் பரப்புகிறோம். கோபுரக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒருவர் அப்படித்தான் சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்தார். குழியக்கா சாத்தவிடவில்லை. "நீங்க எழுதாம இருந்து என்ன ஆச்சுன்னுதான் பார்த்துட்டோமே. எழுதி என்ன ஆகுதுன்னு பாருங்க" என்றார். அந்த வீட்டிலிருந்து நான்கு கையெழுத்து வந்தது.

உங்கள் ஊரிலும் சுவரில் ஏதோ ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். மழையில் பாதி கிழிந்திருக்கும். நின்று படியுங்கள். திங்கட்கிழமை காலை உங்கள் நகராட்சிக்குப் போய் மனைப்பிரிவு வரைபடத்தைக் கேளுங்கள். காணோம் என்றால், காணோம் என்பதை எழுத்தில் கேளுங்கள். பொது உபயோகம் என்று போட்டிருக்கும் மனைக்கு ஓர் அளவு நாடாவோடு போய் நீங்களே அளந்து பாருங்கள். ஓர் அடி குறைந்தாலும் ஒரு தாளை எடுங்கள், உங்கள் பெயரை எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.